நூலகக் கதவில் துப்பாக்கிப் படம்: லைசென்ஸ் இருந்தால் உள்ளே போகலாமா?

கேள்வி: டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு முறையாக வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி, மாநிலத்தின் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினேன். எப்போதும் சட்டைக்குள் மறைத்துத்தான் வைத்திருப்பேன். சனிக்கிழமைகளில் மகளை சிட்டி நூலகத்துக்கு அழைத்துப்போவேன். அங்கே கதவில் துப்பாக்கிப் படம் போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்த ஸ்டிக்கர் இருக்கிறது. விசாரித்தால், "அரசாங்கக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கூடாது" என்கிறார் செக்யூரிட்டி. சுடுதளத்தில் பழக்கமான நண்பரோ, "நம் வரிப்பணத்தில் கட்டியது, லைசென்ஸ் இருப்பவனை யாரும் தடுக்க முடியாது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? மகளின் பாஸ்போர்ட்டுக்காக போஸ்ட் ஆபீஸ் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது. அங்கெல்லாம் என்ன விதி? நூலகத்தின் மேல் புகார் கொடுக்கலாமா? இன்னொன்று: எச்-1பி விசாவில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் என்னோடு சுடப் பழக வேண்டும் என்கிறார். அழைத்துப்போகலாமா?

பதில்:

செக்யூரிட்டி சொன்னது தவறு. உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி, ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. காரணம் தவறாக இருந்தால் என்ன, முடிவு சரிதானே என்று விட்டுவிட முடியாது. அந்தக் காரணத்தை நம்பிக்கொண்டு நீங்கள் போஸ்ட் ஆபீஸுக்குள்ளும் நுழைந்துவிடுவீர்கள்.

முதலில் வரிப்பணக் கதையை முடித்துவிடுவோம். பொதுப்பணத்தில் கட்டிய இடம் என்பதால் துப்பாக்கியோடு நுழையும் உரிமை வந்துவிடாது. 2008ல் ஹெல்லர் வழக்கில் தனிமனிதருக்குத் துப்பாக்கி உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் தடை போடும் சட்டங்களை இந்தத் தீர்ப்பு தொடாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. 2022ல் வந்த புரூயன் தீர்ப்பு வெளியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை விரிவாக்கியது. அதுவும் சட்டமன்றங்கள், வாக்குச்சாவடிகள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைத் தடை செய்யத்தக்க இடங்களாகவே எடுத்துக்கொண்டது. ஆக, அரசு நினைத்தால் தன் கட்டடங்களில் தடுக்கலாம். டெக்சஸ் சட்டமன்றம் பெரும்பாலான இடங்களில் தடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். நியூ ஜெர்சி நேர்மாறாக முடிவு செய்தது. 2022 டிசம்பரில் கொண்டுவந்த சட்டத்தில் அரசு அலுவலகம், நூலகம், அருங்காட்சியகம் என்று நீளமாகப் பட்டியல் போட்டது. போதாக்குறைக்கு, டெக்சஸ் லைசென்ஸை அந்த மாநிலம் ஏற்பதே இல்லை. நியூ ஜெர்சியில் சொந்தக்காரர் யார் வீட்டுக்காவது போகும்போது இந்தப் பதிலை நம்பிப் போகாதீர்கள்.

இனி டெக்சஸ்.

தனியார் கடைக்காரர் ஒருவர் உங்களை மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே விடாமலிருக்க, குற்றவியல் சட்டத்தின் 30.06 பிரிவுப்படி அறிவிப்பு வைக்க வேண்டும். அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், ஒரு அங்குலமாவது உயரம் உள்ள எழுத்தில், சட்டம் வகுத்த அதே வாசகம். கதவு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். துப்பாக்கிப் படமும் சிவப்புக் கோடும் மட்டும் இருந்தால் அது 30.06 அறிவிப்பு ஆகாது.

அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. இடம் அரசு அமைப்பொன்றுக்குச் சொந்தமானதாகவோ அது குத்தகைக்கு எடுத்ததாகவோ இருந்து, அதே சட்டத்தின் 46.03 பிரிவு தனியாகத் தடை செய்த இடமாகவும் இல்லாவிட்டால், அங்கே லைசென்ஸ்காரர் மேல் 30.06 அத்துமீறல் வழக்கு நிற்காது. முறையான பலகையே மாட்டியிருந்தாலும் நிற்காது. இங்கே அரசு என்றால் மாநிலம், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), சிட்டி, அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் எல்லாம் அடக்கம். ஃபெடரல் அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, தனிச் சட்டம்.

இதற்கு மேல் 2015ல் சட்டமன்றம் இன்னொரு படி போனது. லைசென்ஸ்காரரை வரக்கூடாது என்று தவறாகத் தடுக்கும் அரசு அமைப்புக்கே அபராதம் என்று அரசு நிர்வாகச் சட்டத்தில் 411.209 பிரிவைச் சேர்த்தது. முதல் தடவைக்கு 1,000 முதல் 1,500 டாலர், அடுத்த தடவையிலிருந்து 10,000 முதல் 10,500 டாலர். தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளும் தனித்தனி மீறல். பிறகு வந்த திருத்தம் இதை இன்னும் அகலப்படுத்தியது. முறையான பலகைதான் என்றில்லை, லைசென்ஸ்காரர் நுழையக்கூடாது என்று சொல்லும் அல்லது குறிப்பாக உணர்த்தும் எந்தச் செயலும் கூடாது. உங்கள் நூலகத்தின் ஸ்டிக்கர் இங்கேதான் மாட்டுகிறது. அது உங்களைக் குற்றவாளி ஆக்காது, ஆனால் ஒட்டியவர்களைச் சிக்கலில் விடலாம்.

நடக்கிற கதையா என்று கேட்பீர்கள். ஆஸ்டின் சிட்டி ஹாலில் லைசென்ஸ்காரர்களை உள்ளே விடாமல் தடுத்ததற்காக மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் 2016ல் அந்த நகரத்தின் மேல் வழக்குப் போட்டார். 2019 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் நாளுக்கு 1,500 வீதம் ஆறு நாளுக்கு 9,000 டாலர் விதித்தது. நகரத்தின் பட்ஜெட்டில் 9,000 டாலர் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதன் பிறகு மற்ற நகரங்களின் வக்கீல்கள் இப்படி வரும் புகார்க் கடிதங்களை ஓரமாகப் போட்டுவிட முடியாது.

மாநிலத் தலைமைச் செயலகமான கேப்பிடலே இதற்கு நல்ல உதாரணம். 2010 ஜனவரியில் அதன் படிக்கட்டில் ஒருவர் வானத்தை நோக்கிச் சுட்டதற்குப் பிறகு வாசலில் மெட்டல் டிடெக்டர் வந்தது. ஆனால் துப்பாக்கி லைசென்ஸைக் காட்டினால் தனி வழி, வரிசையில் நிற்க வேண்டாம். துப்பாக்கியே இல்லாத லாபிக்காரர்களும் (சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டுபவர்கள்) ஊழியர்களும் அந்த வரிசையைத் தவிர்ப்பதற்காகவே வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கினார்கள். பாதுகாப்புச் சோதனையை வேகமாகக் கடக்கத் துப்பாக்கி லைசென்ஸ் உதவும் ஊர் இது. இதைச் சொன்னால் சென்னையில் இருக்கும் என் உறவினர்கள் இன்றும் நம்புவதில்லை.

சரி, அப்படியானால் நூலகத்துக்குத் தாராளமாகப் போகலாமா? சாதாரணச் சனிக்கிழமையில் போகலாம். எல்லா நாளும் சாதாரண நாள் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கட்டடம் யாருடையது என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது, இன்று உள்ளே என்ன நடக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கத்துச் சிட்டி நூலகங்கள் பலவும் தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி ஆகிவிடும். 46.03 பிரிவு, தேர்தல் நாளில் மட்டுமல்லாமல் முன்கூட்டிய வாக்குப்பதிவு நடக்கும் நாட்களிலும் வாக்குச்சாவடிக் கட்டடத்தில் துப்பாக்கியைத் தடை செய்கிறது. லைசென்ஸ் இருந்தாலும் தடைதான். நவம்பர் தேர்தலுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே அந்த வாக்குப்பதிவு தொடங்கிவிடும். மே மாதத்தில் நகராட்சி, பள்ளி வாரியத் தேர்தல்கள், மார்ச்சில் கட்சிகளின் முதல்நிலைத் தேர்தல், அதற்கு ஒரு மறுதேர்தல் என்று வருஷத்தில் எத்தனையோ வாரம் இப்படிப் போகும். உங்களுக்கு வாக்கு இல்லாததால் தேர்தல் தேதி உங்கள் காலண்டரில் இருக்காது. இதுதான் எனக்குக் கவலை. ஊரில் தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். இங்கே யாரும் வந்து நினைவுபடுத்த மாட்டார்கள். வாசலில் "இங்கே வாக்களிக்கவும்" என்று சின்னப் பலகை ஒன்று புல்தரையில் குத்தியிருக்கும், அவ்வளவுதான். வாக்குப்பெட்டி ஓர் அறையில், குழந்தைகள் பகுதி வேறு மூலையில், நான் இந்தப் பக்கம்தானே நின்றேன் என்று பிறகு வாதாடலாம். சட்டத்தில் 'கட்டடம் அல்லது கட்டடத்தின் பகுதி' என்று இருப்பதால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடம்கூட உண்டு. ஆனால் அதை முயன்று பார்க்கும் முதல் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம். இது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம்: இரண்டு முதல் பத்து வருடம் சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

வாரநாளில் போனால் இன்னொன்றையும் பாருங்கள். மஞ்சள் நிறப் பள்ளி பஸ் நிற்கிறதா? பள்ளி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி நடக்கும் கட்டடமும் வளாகமும் அந்த நேரத்துக்குப் பள்ளிக்குச் சமம். நூலகமே நடத்தும் கதை நேரம் இதில் வராது. பள்ளி ஆசிரியை முப்பது பிள்ளைகளை வரிசையில் அழைத்து வந்திருந்தால் வரும்.

சிட்டி ஹாலுக்கும் இதே கணக்குதான். தண்ணீர்க் கட்டணம் கட்டும் கவுண்டருக்குப் போகலாம். நகர மன்றத்தின் பொதுக் கூட்டம் முறையான அறிவிப்போடு நடக்கும் அறைக்குள் மட்டும் போக முடியாது. கூட்டம் இல்லாத நாளில் அதே அறைக்கு அந்தத் தடை இல்லை.

கவுண்டிக் கட்டடங்களில் நிறையப் பேர் குழம்புவது நீதிமன்றம் விஷயத்தில். நீதிமன்றமும் அது பயன்படுத்தும் அலுவலகங்களும் தடை செய்யப்பட்ட இடங்கள். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும் கவுண்டி வரி அலுவலகமும் ஒரு குட்டி நீதிமன்றமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்? முழுக் கட்டடத்துக்கும் தடை என்று பல கவுண்டிகள் பலகை மாட்டின. நீதிமன்ற அறைகளும், நீதிமன்றம் இயங்க அவசியமான அலுவலகங்களும் மட்டும்தான் தடைக்குள் வரும் என்று 2015 டிசம்பரில் அட்டர்னி ஜெனரல் கருத்துரை கொடுத்தார். அட்டர்னி ஜெனரலின் கருத்துரைக்கு மதிப்பு உண்டு, ஆனால் நீதிபதியை அது கட்டுப்படுத்தாது. வாசலிலேயே மெட்டல் டிடெக்டரும் ஷெரிஃப் ஆளும் இருக்கும் கட்டடத்தில் இந்தக் கருத்துரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் விளக்குவது வேலைக்கு ஆகாது. காரில் பூட்டிவிட்டுப் போங்கள். டெக்சஸ் சட்டப்படி இந்தத் தடைகளில் பெரும்பாலானவை கட்டடத்துக்குத்தான். பார்க்கிங், நடைபாதை, தெரு எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

அரசு நிலத்தைத் தனியார் குத்தகைக்கு எடுத்து நடத்தினால் என்ன என்ற கேள்வி உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எழுந்தது. டாலஸ் ஃபேர் பார்க் நகரத்தின் சொத்து. ஸ்டேட் ஃபேர் நடத்துவது தனியார் அமைப்பு. 2023 அக்டோபரில் அங்கே துப்பாக்கிச் சூட்டில் மூவர் காயமடைந்ததும், 2024ல் லைசென்ஸ்காரர்கள் உட்பட யாருக்கும் துப்பாக்கி கூடாது என்று அந்த அமைப்பு அறிவித்தது. அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். டாலஸ் நீதிமன்றம் தடையாணை தர மறுத்தது, மேல்முறையீட்டிலும் கிடைக்கவில்லை, டெக்சஸ் உச்ச நீதிமன்றமும் அவசர நிவாரணம் தரவில்லை. அந்த வருஷத்துச் சந்தை துப்பாக்கித் தடையோடுதான் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், நகர நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த தனியார் அமைப்பு தடுக்கலாம் என்று 2016ல் கருத்துரை எழுதியதும் இதே அட்டர்னி ஜெனரல் அலுவலகம்தான். வழக்கு வந்தபோது அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இடங்களில், வாசலில் உள்ள பலகை என்ன சொல்கிறதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

அடுத்து தமிழ் வகுப்பு. பள்ளி மாவட்டத்துக்கு வாடகை கட்டி ஞாயிற்றுக்கிழமை நடத்தினாலும், ஆசிரியர் யாரும் வராவிட்டாலும், அது பள்ளிக் கட்டடம்தான். துப்பாக்கியோடு உள்ளே போனால் வாக்குச்சாவடிக்குச் சொன்ன அதே பெருங்குற்றம். பிள்ளையை இறக்கிவிட பார்க்கிங் வரை வரலாம், துப்பாக்கி கண்ணில் படாமல் காருக்குள் இருக்கட்டும். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்கு ஒரு ஃபெடரல் தடையும் உண்டு. அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, "பின்னே எதற்கு அந்தப் பிளாஸ்டிக் அட்டை" என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன 411.209 பாதுகாப்பும் லைசென்ஸ் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டதுதான். காலாவதியாக விடாதீர்கள். ஆண்டு விழா, பொங்கல் விழா எல்லாம் பள்ளி அரங்கத்தில் நடப்பது வழக்கம் என்பதால் அன்றைக்கு வேட்டிக்குள் துப்பாக்கி உறை வேண்டாம்.

இப்போது போஸ்ட் ஆபீஸ். இங்கே டெக்சஸ் சட்டம் அப்படியே நின்றுவிடும். ஃபெடரல் அரசு சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருந்து, அதன் ஊழியர்கள் வழக்கமாக வேலை பார்க்கும் கட்டடம் எதுவானாலும் துப்பாக்கி குற்றம், ஓர் ஆண்டு வரை சிறை. ஃபெடரல் நீதிமன்றம் என்றால் இரண்டு ஆண்டு. 'குத்தகை' என்பதைக் கவனியுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமோ, குடியுரிமைக்குக் கைரேகை கொடுக்கும் மையமோ பல ஊர்களில் கடைவரிசைக்கு நடுவே, பீட்சா கடைக்குப் பக்கத்தில் இருக்கும். பார்த்தால் அரசுக் கட்டடம் மாதிரியே தெரியாது. உள்ளே போனால் ஃபெடரல்.

போஸ்ட் ஆபீஸ் இன்னும் ஒரு படி மேல். தபால் துறையின் விதி கட்டடத்தோடு நிற்காது, வளாகம் முழுக்க, பார்க்கிங் உட்பட, துப்பாக்கி எடுத்துவருவதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. லூயிசியானாவில் ஒரு தபால் ஊழியர், காரில்தானே வைத்திருந்தேன் என்று வழக்காடினார். 2009ல் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. டெக்சஸும் அதே வட்டத்தில்தான் வருகிறது. 2024 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி, சாதாரண போஸ்ட் ஆபீஸில் இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு ஒத்துவராது என்று சொல்லி ஒரு தபால் ஓட்டுநரின் மேலிருந்த குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். உங்கள் நண்பர் அதைக் காட்டுவார். அது அந்த ஓட்டுநருக்குக் கிடைத்த தீர்ப்பு. உங்கள் போஸ்ட் ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை அது கிழித்துவிடவில்லை. பாஸ்போர்ட் அப்பாயிண்ட்மென்ட் நாளில் துப்பாக்கி வீட்டில் பெட்டிக்குள் இருக்கட்டும். பெட்டியில் வைக்க நேரமில்லை என்றால் தெருவில் பார்க் செய்துவிட்டு நடந்து போங்கள்.

விடுமுறைக்கு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகும் எண்ணமிருந்தால் ஒரு வரி. தேசியப் பூங்காவின் மலையிலும் பாதையிலும் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், பார்வையாளர் மையத்துக்குள் கூடாது, அது ஃபெடரல் கட்டடம். இந்த அனுமதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 2009ல் கிரெடிட் கார்டு வட்டியை ஒழுங்குபடுத்த வந்த மசோதாவில் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். 2010 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு நேரம் சொன்னது எல்லா லைசென்ஸ்காரர்களுக்கும் பொருந்தும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'கிரீன் கார்டு' என்ற சொல். குடியுரிமை பெற்ற உங்கள் நண்பர் தவறான கட்டடத்துக்குள் நுழைந்து மாட்டினால், வக்கீல் செலவு, அபராதம், போனால் லைசென்ஸ். மோசமாகப் போனால் சிறை. உங்களுக்கு அதோடு முடியாது. எந்தச் சட்டத்தையாவது மீறித் துப்பாக்கியை வாங்கியதற்கோ, வைத்திருந்ததற்கோ, எடுத்துச் சென்றதற்கோ தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டம் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது. எத்தனை வருஷ தண்டனை என்ற அளவுகோல் அதில் இல்லை. பெருங்குற்றமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இதில் இன்னொரு பொறி. டெக்சஸ் நீதிமன்றங்களில் 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்' என்று ஒன்று கொடுப்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கண்காணிப்புக் காலத்தை ஒழுங்காக முடித்தால் மாநிலக் கணக்கில் தண்டனையே இல்லை. குற்றவியல் வக்கீல் அதை நல்ல பேரம் என்று சொல்வார், மாநிலச் சட்டப்படி அது நல்ல பேரம்தான். குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் எப்போதாவது பிரச்சினை வந்தால், எதிலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தண்டனை இல்லாமல் விட்டுவிட்டாலும், குடியுரிமை விண்ணப்பத்தில் கைதான விவரத்தை எழுதியே ஆக வேண்டும்.

ஆகவே, சட்டம் மங்கலாக இருக்கும் இடங்களில், அதாவது நீதிமன்றம் கலந்த கட்டடம், வாக்குப்பெட்டி இருக்கும் நூலகம், குத்தகைக்கு விட்ட மைதானம் போன்ற இடங்களில், உங்கள் நண்பர் எடுக்கும் துணிச்சலை நீங்கள் எடுக்க வேண்டாம். குடியுரிமை கைக்கு வரும் வரையாவது. இது சட்டம் சொல்வதில்லை, நான் சொல்வது. என் அலுவலகத்துக்கு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

யாராவது பொறுப்பில் உள்ளவர் வெளியே போகச் சொன்னால், அவர் சொல்வது தவறென்று தெரிந்தாலும், போய்விடுங்கள். தனியார் இடமாக இருந்தால் 30.06 பலகையைத் தாண்டுவது 200 டாலர் அபராதத்தோடு போகும் சின்னக் குற்றம். வாயால் சொல்லியும் போகாமல் நின்றால் அதுவே சிறைக்குரிய குற்றமாக ஏறிவிடும். அரசு இடத்தில் உங்கள் பக்கம் சட்டம் இருந்தாலும், அதை நிரூபிக்க வேண்டிய இடம் நூலக வாசல் இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நிச்சயமாக இல்லை.

சக ஊழியர் விஷயத்தில் வளைந்து கொடுக்கவே இடமில்லை. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். 2022லிருந்து அதற்கு 15 ஆண்டு வரை தண்டனை. சுடுதளத்தில் அரை மணி நேரம் வாடகைக்கு எடுப்பதும் வைத்திருப்பதுதான். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதைச் சரியாகப் பார்த்து எழுத்தில் உறுதி செய்யாமல் உங்கள் துப்பாக்கியை அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தவர் என்ற முறையில் நீங்களும் மாட்டுவீர்கள். காரில் பூட்டி வைத்துவிட்டு நீங்கள் போஸ்ட் ஆபீஸுக்கு நடக்கும்போது அவரைக் காரிலேயே காத்திருக்கச் சொல்வதும் இதில் சேரலாம்.

கடைசியாகப் புகார். கொடுக்கலாம். லைசென்ஸ் பெற்றவர்கள் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்வதால் கிரீன் கார்டு தடை இல்லை. அதற்காகத் துப்பாக்கியோடு உள்ளே போய்ச் சோதித்துப் பார்க்கத் தேவையும் இல்லை. கையில் ஒன்றும் இல்லாத நாளில் போய் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள், கதவும் நூலகப் பெயரும் ஒரே படத்தில் வரட்டும். சிட்டி செயலாளருக்கும் நகர வக்கீலுக்கும் அரைப் பக்கக் கடிதம் எழுதுங்கள்: எந்தக் கட்டடம், எந்தக் கதவு, என்ன அறிவிப்பு, எந்தத் தேதியில் பார்த்தீர்கள், 411.209 பிரிவின் கீழ் இது எழுத்து மூலமான அறிவிப்பு. செக்யூரிட்டி சொன்னதையும் ஒரு வரியில் சேர்க்கலாம், அவர் பெயர் தேவையில்லை. கடிதம் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாள் அவர்களுக்கு அவகாசம். என் அனுபவத்தில் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். நகர வக்கீல் ஒரு ஃபோன் போடுவார், யாராவது பிளேடால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு அந்தக் கடிதத்தின் நகலோடு புகார் அனுப்பலாம். அவர்கள் விசாரித்து, நகரத்துக்கு மேலும் 15 நாள் கொடுத்து, பிறகுதான் வழக்கு. அபராதம் வந்தாலும் அதில் உங்களுக்குப் பைசா கிடைக்காது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போய்விடும்.

தேர்தல் நேரத்தில் மட்டும் அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். அப்போது அந்தக் கதவில் துப்பாக்கி கூடாது என்று ஒட்டியிருப்பது சரிதான்.